வேணுகோபாலின் ஊறல் கட்டு

"என் மவன் சமாச்சாரம் ஏதாச்சும் வந்துச்சுங்களா சாமி?"

குமாஸ்தா வேணுகோபால் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தாமலே ஆள் யாரென்று அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று, ஜன்னலுக்கு வெளியே நிற்பது வேலங்குடிக்காட்டு மருதாயி.

"வரலை மருதாயி. அடுத்த செவ்வாக்கெழமை வா."

"சரிங்க சாமி."

மருதாயி முந்தானையை அவிழ்த்து, ஒரு கை வெள்ளரிப்பிஞ்சை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கும்பிட்டாள். சந்தைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போன ஆடி மாசம் தொடங்கிய பேச்சு இது. சித்திரை பிறந்தும் இதில் ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. ஜன்னலில் வைக்கிற காய்தான் மாறும். மழைக்காலத்தில் அவரை, பனியில் மொச்சை, அப்புறம் சின்ன வெங்காயம், இப்போது வெள்ளரி.

அந்தத் தாலுக்கா ஆபீஸ் எந்த ஊரில் இருந்தது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே பென்ஷன் வாங்குகிறவர்கள் வருத்தப்படுவார்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சீமைத் துணிக்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை. வரிசையில் நிற்காமல் கிடைத்தது காகிதம் ஒன்றுதான். அது மூட்டை மூட்டையாக ஆபீசுக்கு வந்தது.

வந்த காகிதத்தை என்ன செய்வது என்பதில் வேணுகோபாலுக்கு ஒரு தனி வழி இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்குவார். முதல் வரியைக்கூடப் படிக்காமல் சிவப்பு நாடா போட்ட ஒரு கட்டில் செருகுவார். ஆபீசில் அதற்கு 'ஊறல் கட்டு' என்று பெயர்.

"பத்துத் தபால் வந்தா ஏழு தபால் தானாவே அடங்கிப்போயிடும்," என்பார் அவர், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம். "மிச்சம் மூணுக்கு ஞாபகக் கடிதம் வரும். அதுக்குப் பதில் எழுதினா போதும். பதினெட்டு வருஷ சர்வீசுல நான் கத்துக்கிட்டது இதுதான்."

பக்கத்து மேசை அய்யம்பெருமாள் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயசு, இரண்டு வருஷ சர்வீஸ். பட்டாளத்துக் காகிதங்கள் அவன் பொறுப்பு. காலையில் அவன் மேசையில் விழுந்த தபால் சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடும். அவனைப் பார்த்தாலே வேணுகோபாலுக்குக் களைப்பாக வரும்.

"எதுக்குப்பா இப்படிப் பறக்கிறே? சர்க்கார் எங்க ஓடிப்போயிடப்போவுது?" என்று கேட்பார். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த காகிதத்தை எடுப்பான்.

அன்றைக்கு வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் சேவகன் அமாவாசை அரியலூர்த் தபாலைக் கொண்டுவந்து வைத்தான். மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதியிருந்தது. சிவப்பு மை என்றால் வேணுகோபாலும் படிப்பார்.

"வேலங்குடிக்காடு சிப்பாய் அங்கமுத்து பற்றி, சென்ற ஆண்டு ஜூலை மாதம் அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. குடும்பத்தாருக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டதா? தாமதத்துக்குச் சமாதானம் என்ன?"

வாயிலிருந்த வெள்ளரி கசந்தது. ஊறல் கட்டை இறக்கி நாடாவை அவிழ்த்தார். அதன் அடியில், ஒரு பூரான் செத்துக் காய்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், அந்தக் கடிதம் இருந்தது. அவருடைய கையெழுத்தும் தேதியும் அழகாக விழுந்திருந்தன.

இங்கிலீஷில் நாலே வரி. பர்மா எல்லையில் நடந்த சண்டையில் சிப்பாய் அங்கமுத்து இறந்துவிட்டான். தாய் மருதாயிக்கும் மனைவி தனத்துக்கும் தெரிவித்து, கைநாட்டு வாங்கி அனுப்பவும்.

வேணுகோபால் ஜன்னலைப் பார்த்தார். மருதாயி போய் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளரிப்பிஞ்சின் மேல் இன்னும் ஈரம் இருந்தது.

"அமாவாசை, இங்க வா. பட்டாளத்துத் தபால் அய்யம்பெருமாள் மேசைக்குத்தானே போகணும்? இது எப்படி என் மேசைக்கு வந்துச்சு?"

அமாவாசை கடிதத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "தவறிப் போயிருக்குங்க சார்."

"கண்ணைப் பொடனியில வச்சுக்கிட்டு வேலை பாத்தா இப்படித்தான். போ."

திட்டி என்ன பயன்? கையெழுத்து வேணுகோபாலுடையது. பத்து மாசமாக 'வரலை வரலை' என்று சொன்ன வாயும் அவருடையது. ஏறக்குறைய நாற்பது செவ்வாய்க்கிழமை. கடிதம் வந்தது ஆடியில். அவள் வரத் தொடங்கியதும் ஆடியில். பெற்ற மனசுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதுதான் ஓடி ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கலங்கினார்.

இன்னொரு கலக்கமும் இருந்தது, அதை மறைப்பானேன். ஹெட் கிளார்க் இராமலிங்கம் ஆனி மாசம் ரிடையர் ஆகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்த பெயர் வேணுகோபால். இந்த நேரத்தில் 'சமாதானம் என்ன' என்று மேலாபீஸ் கேட்டால் நாற்காலி மட்டுமல்ல, இருக்கிற முக்காலியும் போகும்.

பேனாவை எடுத்தார். "மேற்படி விஷயம் கிராமத்துக்கு உடனே அனுப்பப்பட்டு, குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. கைநாட்டு விரைவில் அனுப்பப்படும்" என்று எழுதினார். 'விரைவில்' என்பது அவருக்குப் பிடித்த வார்த்தை.

மேலாபீசில் யாரோ ஒரு அய்யம்பெருமாள் இருந்திருக்க வேண்டும். நாலாம் நாளே பதில் வந்துவிட்டது. "தெரிவித்தது சரி. கைநாட்டை ஏழு நாளைக்குள் அனுப்பவும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வேணுகோபால் தாமாகவே தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தாள்.

"என் மவன் சமாச்சாரம் ஏதாச்சும் வந்துச்சுங்களா சாமி?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஜன்னல் வழியாக, சந்தைச் சத்தத்துக்கு நடுவில், கூடையோடு நிற்கிற ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? பத்து மாசத்துக்கு முந்தியே வந்துவிட்டது என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

"இல்லை மருதாயி. மேல எழுதிக் கேக்கப்போறேன். அதுக்கு உன் கைநாட்டு வேணும். இந்தா, இதுல கட்டை விரலை வை."

மை டப்பியை நகர்த்தினார். மருதாயி கையை வெடுக்கென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எதுல சாமி?"

"சும்மா ஒரு காயிதம்."

"என்ன எழுதியிருக்கு?"

பத்து மாசத்தில் அவள் கேட்ட முதல் மறுகேள்வி அது. வேணுகோபால் திணறிப் போனார். "உன் மவனைப் பத்தித்தான். விவரம் கேட்டு."

"வேணாம் சாமி. நான் எதுலயும் கைநாட்டு வைக்க மாட்டேன். நீங்க மேல ஒண்ணும் எழுத வேணாம். அது பாட்டுக்கு வரப்போ வரட்டும்."

கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று போனாள். வெள்ளரிப்பிஞ்சு அன்றைக்கு இரண்டு கை இருந்தது. யுத்த நிதி, நெல் கொள்முதல் என்று ஊர் ஊராகக் கைநாட்டு வாங்கிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் காகிதத்தைக் கண்டாலே நடுங்குகிறார்கள் என்று வேணுகோபால் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அமாவாசையிடம் காகிதத்தையும் மை டப்பியையும் கொடுத்து வேலங்குடிக்காட்டுக்கு அனுப்பினார். அவன் மனைவி பிறந்த ஊர் அது. இவன் போனால் காரியம் முடியும் என்று கணக்குப் போட்டார். சாயங்காலம் அவன் வெறுங்கையோடு வந்தான்.

"வூடு பூட்டிக் கெடக்குங்க சார். களை எடுக்கப் போயிருக்காங்களாம்."

"சித்திரை வெயில்ல என்னடா களை?"

"அதைத்தான் சார் நானும் கேட்டேன்."

இரண்டாம் நாள் போனான். "மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்குங்க சார். வெளியூரு ஆளு உள்ள போகக் கூடாதாம்."

மூன்றாம் நாள் போனான். "மை காஞ்சு போச்சுங்க சார்."

வேணுகோபால் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சோம்பேறித்தனத்தில் தம்மை மிஞ்ச இந்த ஆபீசில் ஆள் கிடையாது என்று நம்பியிருந்தவர் அவர். இவன் எப்போது இவ்வளவு தேறினான் என்று ஆச்சரியமாக இருந்தது.

ஏழு நாள் கெடு முடிந்தது. வேறு வழி தெரியாமல் மறுபடியும் பேனாவை எடுத்தார். "மேற்படி குடும்பத்தார் சுண்ணாம்புக்கல் வெட்டும் வேலைக்காக ரெட்டிபாளையம் பக்கம் குடிபெயர்ந்துவிட்டதாகத் தெரிகிறது. விசாரணை நடைபெறுகிறது" என்று எழுதி அனுப்பினார். இந்தக் கடிதத்தோடு விஷயம் அடங்கிவிடும், பத்தில் ஏழு என்ற கணக்கில் இதுவும் சேர்ந்துவிடும் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஹெட் கிளார்க் இராமலிங்கமே எழுந்து வந்து கொடுத்தார். தபாலைப் பிரித்து மேலோட்டமாகப் பார்த்து, உரக்கச் சொல்லிவிட்டு, உடனே மறந்துவிடுவது அவர் வழக்கம். இதை அவரால்கூட மறக்க முடியவில்லை.

"என்ன வேணுகோபால், சப்-கலெக்டர் துரை வெள்ளிக்கிழமை குன்னத்துல முகாமாம். வேலங்குடிக்காட்டு வழியாத்தான் வராராம். அந்தக் குடும்பம் ஊர்ல இருக்கா இல்லையான்னு அவரே விசாரிக்கிறாராம். கட்டோட உன்னை ஆஜராகச் சொல்லியிருக்கு."

"விசாரிக்கட்டுமே சார்," என்றார் வேணுகோபால்.

"குடும்பம் ரெட்டிபாளையத்துலதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப அந்த மருதாயி எந்த ஊர்லேருந்துய்யா வாரா வாரம் வெள்ளரிக்கா கொண்டாரா?"

வேணுகோபால் ஊறல் கட்டின் நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஜன்னல் பக்கம் திரும்பவே அவருக்குப் பயமாக இருந்தது. தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே சுருண்டு படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மனைவி சாந்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மருதாயி கொண்டுவந்த வெங்காயம்தான். இன்னும் கால் கூடை பாக்கி இருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் தவித்த கணவரைத் துருவித் துருவிக் கேட்டு, விஷயத்தைக் கறந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டாள். முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"பத்து மாசமா?"

"வேணும்னு பண்ணலை சாந்தா. படிக்கலை, அவ்வளவுதான்."

"போக ஆறு, வர ஆறுன்னு பன்னெண்டு மைல் வாரா வாரம் நடந்திருக்கா அந்தப் பொம்பளை. இதை ஆக்கி உங்களுக்கும் போட்டு நானும் தின்னிருக்கேன்." அவள் கண் கலங்கியது வெங்காயத்தால் அல்ல என்று வேணுகோபாலுக்குத் தெரிந்தது. "துரை வராரோ இல்லையோ, உங்களுக்கு வேலை இருக்கோ போவுதோ, மொதல்ல போயி அவகிட்டச் சொல்லிட்டு வாங்க. இருக்கானா இல்லையான்னு தெரியாம கெடந்து தவிக்கிறது எவ்வளவு பெரிய கொடுமை தெரியுமா?"

வேணுகோபாலுக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் உடனே செய்ததில்லை. இதைச் செய்வது என்று தீர்மானித்தார். அதில் பயம் பாதி இருந்தது உண்மைதான். மற்றப் பாதி நிஜமான வெட்கம். நாற்பது வாரம் ஒரு ஏழையின் கையால் வாங்கித் தின்றுவிட்டு, அவளுக்காக ஒரு காகிதத்தைப் புரட்டிப் பார்க்காதவன் என்று தம்மைப் பற்றி முதல் தடவையாக நினைத்தார். அது மிகவும் வலித்தது.

வியாழக்கிழமை காலையில் அமாவாசையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இன்னைக்கே போகணுங்களா சார்? நாளைக்குப் போகலாமே," என்றான் அமாவாசை.

"இன்னைக்கேதான்."

"வெயில் கடுமையா இருக்குங்க சார். உங்க ஒடம்புக்கு ஆகாது."

"நடடா."

பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில் ஓடிய பஸ் குன்னம் ரோட்டில் இரண்டு இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிண்டிப் புகை கிளப்பினான். அமாவாசை முகத்தில் ஒவ்வொரு தடவையும் தெளிவு வந்தது. வண்டி கிளம்பினதும் தெளிவு போனது. இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். பருத்திக் காட்டு வழியாகக் கூட்டிப் போனவன் ஒரு ஓடைக் கரையில் நின்று, "வழி தவறிப் போச்சு போல இருக்குங்க சார்" என்றான்.

"பொண்ணு எடுத்த ஊருக்கு வழி தெரியலையாடா? மூணு நாள் போனேன்னியே?"

"அது வேற வழிங்க சார்."

வேணுகோபால் அவனை விட்டுவிட்டு, எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் வழி கேட்டு முன்னால் நடந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். எத்தனை இடைஞ்சல் வந்தாலும் இந்தக் காரியத்தை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று ஒரு வைராக்கியம் வந்திருந்தது. அது அவருக்கே புதுசாக இருந்தது.

மருதாயி வீடு ஊர்க்கோடியில். கூரை வேய்ந்த சின்ன வீடு. வாசலில் வேம்பு. அதன் கிளையில் தூளி கட்டி, ஒரு பெண் ஆட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது இருபது வயசு இருக்கும். தலை நிறையக் கனகாம்பரம். ஆபீஸ் ஆளைக் கண்டதும் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க. ஆபீஸ்லேருந்து வரீங்களா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அத்தை எப்பவும் சொல்லும், ஆபீஸ்ல வேணுகோபால் சாமின்னு ஒருத்தரு, தங்கமான மனுசருன்னு. நீங்கதானுங்களா?"

வேணுகோபால் தலையை ஆட்டினார்.

"லீவு குடுத்துட்டாங்களாங்க? வைகாசியில புள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தறோம். புள்ளை மொகத்தையே இன்னும் பாக்கலைங்க அவங்க அப்பா. அத்தைதான் சொல்லிக்கிட்டே இருக்கு, சமாச்சாரம் வரலைன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்னு."

தூளிக்குள் குழந்தை காலை உதைத்துக்கொண்டது. தனம் ஓடிப்போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்தாள். வேணுகோபால் வாங்கிக்கொண்டார். குடிக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் புழங்கினதெல்லாம் காகிதத்தோடுதான். காகிதத்துக்கு அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு முகம் இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மருதாயி தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். புல்லுக்கட்டை இறக்கவில்லை.

"சாமி, இன்னைக்குச் செவ்வாக்கெழமை இல்லியே."

"இல்லை மருதாயி."

"நான்தான் வருவேனே. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?" அவள் கண் அவரைப் பார்க்கவில்லை. அமாவாசையைப் பார்த்தது, அப்புறம் தனத்தைப் பார்த்தது. "வாங்க, அந்தக் கெணத்தடிப் பக்கம் போயிப் பேசலாம். எள்ளுக் காட்டைக் காட்டறேன். இங்க வேணாம்."

ஏழைக்கு வீட்டில் உட்காரவைக்கக் கூச்சம் என்று வேணுகோபால் எண்ணினார். தவிர, கிணற்றடி வரைக்கும் நடந்தால் தம் தைரியம் போய்விடும் என்று அவருக்கே தெரியும். நடந்து நடந்து சாயங்காலம் ஆகும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். பதினெட்டு வருஷமாக அப்படித்தானே தோன்றியது.

"இல்லை மருதாயி. இதுக்கு மேல நான் தள்ளிப்போட மாட்டேன்."

"சாமி, ஒரு நிமிசம்."

"நீ என்னை மன்னிக்கணும். கடிதம் போன ஆடியிலேயே வந்துடுச்சு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்." பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். இங்கிலீஷ் நாலு வரியையும், ஒரு வார்த்தை விடாமல், தமிழில் சொல்லி முடித்தார்.

புல்லுக்கட்டு சரிந்து விழுந்தது.

மருதாயி எப்போது என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. நிஜந்தானா என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டே எட்டில் தனத்திடம் போய், அவள் தலையைத் தன் மாரோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். ஒரு கையால் அவள் காதைப் பொத்தினாள், இனிமேல்தான் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்பதைப் போல. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். மூத்தவள் ஒருத்தி, அழுதுகொண்டே, தனத்தின் தலையிலிருந்து கனகாம்பரத்தை எடுத்தாள். தனம் ஒன்றும் புரியாமல் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேணுகோபால் வேம்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. கடைசியில் மருதாயியே அவரிடம் வந்தாள். கட்டை விரலை நீட்டினாள். அன்றைக்கு முந்தானைக்குள் ஒளித்த அதே விரல். மை தொட்டு வைத்தாள். தெளிவாக விழுந்தது.

திரும்பி ரோட்டுக்கு வந்து ஒரு புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். இனிப் பயமில்லை. கைநாட்டு பையில் இருக்கிறது. துரை கேட்டால் கொடுக்கலாம். ரெட்டிபாளையத்துக்கு என்ன சமாதானம் என்றால், குடும்பம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். ஹெட் கிளார்க் நாற்காலியும் தப்பிவிட்டது. வேணுகோபால் அதையெல்லாம் நினைக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாமல், கிளம்பிப் போய், முடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று மட்டும் நினைத்தார். மனசு கனத்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு மூலை சுத்தமாகியிருப்பதாகப் பட்டது. நாளைக்கே ஊறல் கட்டைப் பிரித்து எல்லாவற்றையும் படித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

பக்கத்தில் அமாவாசை தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது.

"அழாதேடா. அந்தம்மா உனக்கு ஒறவா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"ஒண்ணு கவனிச்சியா? அவ ஒரு கேள்விகூடக் கேக்கலை."

"அவங்களுக்குத் தெரியுங்க சார்."

"என்ன தெரியும்?"

அமாவாசை மூக்கைச் சிந்திப் போட்டான். "போன ஆடியில ஹெட் கிளார்க் சார்தான் தபாலைப் பிரிச்சு, 'வேலங்குடிக்காட்டுப் பையன் ஒருத்தன் சண்டையில போயிட்டானாம், அய்யம்பெருமாள்கிட்டக் குடு'ன்னு சொன்னாரு. அதை மடியில வச்சுக்கிட்டு அன்னைக்குச் சாயங்காலம் நானே இங்க வந்தேங்க. இந்தப் பொண்ணு அப்ப அஞ்சு மாசம். கெழவி என் காலைக் கட்டிக்கிச்சு. பொண்ணுக்கு வளையல் போட்டு முடியட்டும்ப்பா, அதுவரைக்கும் வெளிய விடாதேன்னுச்சு. அது முடிஞ்சுது. புள்ளை பொறக்கட்டும்னுச்சு. பொறந்துச்சு. பேரு வைக்கட்டும்னுச்சு. இப்ப காது குத்தட்டும்னு சொல்லிச்சு. வாரா வாரம் வந்து, நீங்க 'வரலை'ன்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தான் போயி இந்தப் பொண்ணுக்குப் பூ வாங்கிக் குடுக்கும்."

தூரத்தில் பஸ்ஸின் புகை தெரிந்தது. சண்டாளன், இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தானே என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ வந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் கத்தினார்.

"அப்படின்னா அன்னைக்கே அதைக் கிழிச்சு ஓடையில போட்டிருக்க வேண்டியதுதானேடா? எதுக்கு ஆபீசுக்குக் கொண்டுவந்தே?"

"கெழவியும் அதைத்தான் சொல்லிச்சு. சர்க்கார் காயிதம், கிழிக்கப் பயமா இருந்துச்சுங்க சார். அதான் உங்க மேசையில வச்சேன்."